பூட்டியிருக்கு சரி... பூட்டினது யாரு? லினக்ஸ் கர்னலில் ஒரு தப்பான கேள்வி எப்படி ஆபத்தாகிறது?

2023 ஜூன் மாதம் லினக்ஸ் கர்னல் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு புகார் போனது. கம்ப்யூட்டரில் எந்தத் தனி அதிகாரமும் இல்லாத சாதாரண யூசர் ஒருவர், மெமரியைக் கவனிக்கும் பகுதியில் இருக்கும் ஓட்டை வழியாக மொத்த சிஸ்டத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முடியும் என்பதுதான் அந்தப் புகார். இதற்கு ‘ஸ்டாக்ராட்’ என்று பெயர் வைத்தார்கள். அதிகாரப்பூர்வ எண் சிவிஇ-2023-3269. லினக்ஸ் 6.1 முதல் 6.4 வரையிலான பதிப்புகள் இதில் சிக்கின.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இடத்தில் பூட்டு போடாமல் யாரும் விட்டுவிடவில்லை. பூட்டு இருந்தது. ‘பூட்டு போட்டாச்சா?’ என்று சரிபார்க்கும் வரிகளும் கோடில் இருந்தன. அந்த வரிகளும் ‘போட்டாச்சு’ என்றுதான் பதில் சொல்லும். பிறகு ஏன் ஓட்டை? கேட்ட கேள்வி போதவில்லை.

கர்னல் கோடில் இப்படிச் சரிபார்க்கும் சின்ன வரிகளை ‘லாக் செக்கிங் மேக்ரோ’ என்பார்கள். அவற்றைத் தப்பாகப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது, அதைத் தடுக்க கர்னல் டெவலப்பர்கள் என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

கர்னலுக்கு எதுக்குப் பூட்டு?

கர்னல் என்பது ஹார்ட்வேருக்கும் ஆப்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடியில் ஓடிக்கொண்டிருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். போனில் 8 கோர் என்றால், ஒரே நேரத்தில் 8 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் ஒரே மொய் நோட்டில் இரண்டு பேர் ஒரே வரியில், ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? இவர் பேரும் புரியாது, அவர் தொகையும் புரியாது. கர்னலிலும் அதே கதைதான். ஒரு பட்டியலை இரண்டு கோர்கள் சேர்ந்து மாற்றினால் பட்டியல் சிதைந்துவிடும். அதனால்தான் பூட்டு. ‘முதலில் பூட்டைப் பிடி, வேலையை முடி, பிறகு விடு’ என்பது விதி.

கர்னலில் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் ‘என்னைக் கூப்பிடும்போது இந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு வா’ என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டவை. ஆரம்பத்தில் இதைக் கமென்ட்டாக எழுதி வைத்தார்கள். கமென்ட்டை யார் படிக்கிறார்கள்? படித்தாலும், 2 வருடம் கழித்து வேறொருவர் வேறு வழியாக அதே ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஞாபகம் இருக்காது. அதனால் கமென்ட்டுக்குப் பதிலாக மெஷினே சரிபார்க்கிற மாதிரி ஒரு வரி எழுதினார்கள். மேக்ரோ என்பது ஒரு சுருக்கப் பெயர். அதை எழுதினால், கம்பைல் ஆவதற்கு முன்பே அந்த இடத்தில் முழுக் கோடும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்ளோதான்.

பாத்ரூம் தாழ்ப்பாள் சொல்லும் பாடம்

கூட்டுக்குடும்பத்தில் ஒரே ஒரு பாத்ரூம். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. இதிலிருந்து உங்களுக்குத் தெரிவது என்ன? உள்ளே ‘யாரோ’ இருக்கிறார்கள். அவ்வளவுதான். அது நீங்கள் இல்லை என்பது, வெளியே நிற்கிற உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

லினக்ஸில் ‘ஸ்பின்_இஸ்_லாக்டு’ என்ற மேக்ரோ சரியாக இந்தத் தாழ்ப்பாளை மட்டும்தான் பார்க்கும். பூட்டு பிடிபட்டிருக்கிறதா, இல்லையா? யார் பிடித்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் டிரைவர் எழுதுகிறவர்கள் இதை ‘நான் பூட்டைப் பிடித்திருக்கிறேனா?’ என்று கேட்பதற்குப் பயன்படுத்திவிடுகிறார்கள். பூட்டைப் பிடிக்காமலேயே ஒருவர் உள்ளே வந்திருப்பார். அந்த நேரம் பார்த்து இன்னொரு கோர் அதே பூட்டைப் பிடித்திருக்கும். செக் பாஸ் ஆகிவிடும். பரபரப்பாக ஓடும் சர்வரில்தான் பூட்டு எப்போதும் யாரிடமாவது இருக்கும். அதாவது, தப்பு நடக்க அதிக வாய்ப்புள்ள இடத்திலேயே இந்தச் செக் அதிகமாகக் கோட்டை விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனியாகக் குடியிருப்பவர் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடுவாரா? தேவையே இல்லை. ஒரே ஒரு சிபியு உள்ள சாதனங்களுக்காகத் தயாரிக்கும் கர்னலிலும் அப்படித்தான். ஸ்பின் லாக் என்பது அங்கே நிஜத்தில் எதையும் பூட்டாது. போட்டி போட இன்னொரு கோர் இல்லை. அதனால் டீபக் வசதி போடாத ஒற்றை சிபியு கர்னலில் ஸ்பின்_இஸ்_லாக்டு எப்போது கேட்டாலும் 0 என்றுதான் பதில் சொல்லும். நீங்கள் முறையாகப் பூட்டைப் பிடித்துவிட்டுக் கேட்டாலும் ‘பூட்டவில்லை’ என்றே சொல்லும்!

டெவலப்பரின் 16 கோர் மெஷினில் சமர்த்தாக இருந்த செக், ஒற்றை சிபியு சாதனத்தில் போனதும் காரணமே இல்லாமல் எச்சரிக்கையைக் கொட்டும். அந்த செக்கை ‘தப்பு என்றால் உடனே நிறுத்து’ என்று எழுதியிருந்தால், சாதனம் பூட் ஆகும்போதே கவிழ்ந்துவிடும். கர்னலின் சொந்தக் குறிப்பே இந்த இரண்டு விஷயங்களையும் சொல்லி, இந்த மேக்ரோ தரும் பதிலைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்கிறது.

இதைவிட மோசமான பயன்பாடும் உண்டு. ‘பூட்டு போடாமல் இருந்தால் நான் போட்டுக்கொள்கிறேன், ஏற்கெனவே போட்டிருந்தால் அப்படியே போகிறேன்’ என்று செக்கை வைத்து முடிவெடுப்பது. ஏற்கெனவே போட்டிருப்பது வேறு யாரோ என்றால், நீங்கள் பாதுகாப்பே இல்லாமல் உள்ளே நுழைகிறீர்கள். காலியாக இருக்கிறது என்று பார்த்த நொடிக்கும், உள்ளே போகும் நொடிக்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடலாம் என்பது தனிக்கதை.

வாட்ச்மேன் வந்தார்

சரியான கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால், யார் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். 2006-ல் வெளியான லினக்ஸ் 2.6.18-ல் அந்தக் கணக்குப்பிள்ளை வந்தார். பெயர் ‘லாக்டெப்’. இங்கோ மோல்னார், அர்யன் வான் டி வென் ஆகியோர் உருவாக்கியது.

அபார்ட்மென்ட் வாசலில் நோட்டுப் போட்டு யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று எழுதும் வாட்ச்மேன் போல லாக்டெப் வேலை செய்கிறது. ஒவ்வொரு வேலையும் இப்போது எந்தெந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்கிறது, எந்த வரிசையில் எடுத்தது எல்லாம் அதனிடம் பதிவாகும். இன்றைக்கு ஒருவர் ‘அ’ பூட்டை எடுத்துவிட்டு ‘ஆ’ பூட்டை எடுத்தார், நேற்று இன்னொருவர் ‘ஆ’ எடுத்துவிட்டு ‘அ’ எடுத்தார் என்றால், இரண்டு பேரும் இன்னும் மோதிக்கொள்ளாவிட்டாலும் ‘இது ஒருநாள் முட்டிக்கொண்டு நிற்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும். குறுகலான தெருவில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்து, இரண்டும் பின்னால் போக முடியாமல் நிற்பதைத்தான் டெட்லாக் என்கிறார்கள்.

இந்த நோட்டு இருப்பதால் சரியான கேள்வியைக் கேட்க முடிந்தது. ‘லாக்டெப்_அசெர்ட்_ஹெல்டு’ என்ற மேக்ரோ கேட்பது: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த வேலை, தானே இந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறதா? வேறு யார் பிடித்திருந்தாலும் கணக்கில்லை. பழைய ஸ்பின்_இஸ்_லாக்டு செக்குகளை எடுத்துவிட்டு இதைப் போடும் வேலை கர்னலின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது.

எதிர்த்திசைக் கேள்விக்கும் ஒரு மேக்ரோ உண்டு. 2021-ல் ‘லாக்டெப்_அசெர்ட்_நாட்_ஹெல்டு’ சேர்க்கப்பட்டது. ‘இந்தப் பூட்டோடு இங்கே வராதே’ என்று சொல்லும் வரி இது. ஏடிஎச்10கே என்ற வைஃபை டிரைவரில் பூட்டைப் பிடித்துக்கொண்டே கூப்பிடக் கூடாத ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதைக் காவல் காக்கத்தான் முதலில் பயன்பட்டது.

பிடித்திருக்கிறாய், எப்படிப் பிடித்திருக்கிறாய்?

இப்போது ஸ்டாக்ராட் கதைக்கு வருவோம். எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி கிடையாது. சில பூட்டுகளில் இரண்டு வகைப் பிடி உண்டு: படிக்கும் பிடி, எழுதும் பிடி. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நேர அட்டவணை போர்டை ஒரே நேரத்தில் 20 பேர் நின்று படிக்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் பெயின்டர் அதை மாற்றி எழுத வந்தால், கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

ஒரு புரோகிராமின் மெமரி எங்கிருந்து எங்குவரை என்ற வரைபடத்தைக் காப்பது ‘எம்மேப் லாக்’. அது இந்த இரண்டு வகைப் பிடி உள்ள பூட்டு. புரோகிராமின் ஸ்டாக் பகுதி நிரம்பி, கொஞ்சம் பெரிதாக்க வேண்டி வந்தால், கர்னல் படிக்கும் பிடியோடு மட்டுமே அதைச் செய்துகொண்டிருந்தது. பழைய காலத்துக் கட்டமைப்பில் இது ஓடியது. எல்லை எண்ணை மட்டும் திருத்தினால் போதும், வரைபடத்தின் உருவம் மாறாது.

6.1-ல் அந்த வரைபடத்தை ‘மேப்பிள் ட்ரீ’ என்ற புதிய கட்டமைப்புக்கு மாற்றினார்கள். இதில் எல்லையை மாற்றும்போது, பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைக்கப்படலாம். பழையது சற்று நேரத்தில் குப்பைக்குப் போகும். படிக்கும் பிடியோடு பக்கத்தில் நிற்கும் இன்னொருவர், குப்பைக்குப் போன துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் தாக்குபவர் தன் தகவலைக் கொண்டுவந்து வைத்தால்? அதுதான் ஸ்டாக்ராட்.

மேப்பிள் ட்ரீக்குள் லாக்டெப் செக்குகள் அப்போதே இருந்தன. ஆனால் அவை கேட்டது ‘பூட்டு பிடித்திருக்கிறதா?’ என்று மட்டும். படிக்கும் பிடி என்றாலும் ‘ஆமாம்’தான் பதில். டெஸ்டிங்கில் லாக்டெப் போட்டு ஓட்டினாலும் சத்தம் வராது. ஓட்டையை அடைத்தபோது, ஸ்டாக் வளர்வதற்கு எழுதும் பிடி கட்டாயம் என்று மாற்றினார்கள். அதோடு 2023-லேயே மேப்பிள் ட்ரீயில் எழுதும் வழிகளுக்கென்று ‘எழுதும் பிடியாகவே பிடித்திருக்கிறதா?’ என்று கேட்கும் தனி செக்கும் வந்தது. மற்ற இடங்களுக்கும் ‘லாக்டெப்_அசெர்ட்_ஹெல்டு_ரைட்’, ‘லாக்டெப்_அசெர்ட்_ஹெல்டு_ரீட்’ என்று பிரித்துக் கேட்கும் மேக்ரோக்கள் இருக்கின்றன. பொதுவாகக் கேட்கும் மேக்ரோ டைப் அடிக்கச் சின்னது என்பதால் அதையே போட்டுவிட்டுப் போகும் பழக்கம்தான் ஆபத்து.

தப்பாக எழுதினால் பில்டே ஆகாது

மேக்ரோவை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள் என்று கெஞ்சுவதைவிட, தப்பாகப் பயன்படுத்தவே முடியாதபடி செய்வது நல்லது. இதில் கர்னல்காரர்கள் செய்த ஒரு வேலை உண்மையிலேயே சாமர்த்தியமானது.

லாக்டெப் கணக்கு எழுதுவதால் சிஸ்டம் கணிசமாக மெதுவாகும். அதனால் கடைக்கு வரும் போன், டேட்டா சென்டரில் ஓடும் சர்வர் ஆகியவற்றில் பொதுவாக அதை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். அப்படியிருக்க ‘லாக்டெப்_இஸ்_ஹெல்டு’ என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்து ஒருவர் நிஜ வேலைக்கான முடிவை எடுத்தால் என்ன ஆகும்? வாட்ச்மேனே லீவில் இருக்கும்போது நோட்டைப் பார்த்து முடிவெடுப்பது போலத்தான்.

இதற்காக, லாக்டெப் இல்லாத கர்னலில் அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. வெறும் சரிபார்ப்புக்குள் பயன்படுத்தியிருந்தால், அந்த வரியைக் கம்பைலர் தானாகவே நீக்கிவிடும், பிரச்சினை வராது. நிஜ முடிவு எடுக்கும் இடத்தில் பயன்படுத்தியிருந்தால், கடைசியில் எல்லாத் துண்டுகளையும் இணைக்கும்போது ‘இந்த ஃபங்ஷன் எங்கே?’ என்று பில்ட் நின்றுவிடும். தப்பு வெளியே போகவே போகாது.

எல்லா மேக்ரோவும் இப்படிக் கறாராக இல்லை என்பதுதான் சிக்கல். ‘ஆர்சியு_ரீட்_லாக்_ஹெல்டு’ என்று ஒன்று உண்டு. லாக்டெப் அணைந்திருக்கும்போது கேட்டால், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ‘ஆமாம், பிடித்திருக்கிறது’ என்றே சொல்லும். ‘பிடிக்கவில்லை என்றால் எச்சரி’ என்று எழுதியிருந்தால் நல்லது, தேவையில்லாத எச்சரிக்கை வராது. தலைகீழாக ‘பிடித்திருந்தால் எச்சரி’ என்று எழுதினால், சாதாரண போனில் ஒவ்வொரு முறையும் பொய் எச்சரிக்கைதான். ஒற்றை சிபியுவில் ஸ்பின்_இஸ்_லாக்டு எப்போதும் ‘இல்லை’ என்கிறது, இது எப்போதும் ‘ஆமாம்’ என்கிறது. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் நேரெதிர்! இதனால்தான் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்காமல், லாக்டெப் இருந்தால் மட்டும் வாய் திறக்கும் ‘ஆர்சியு_லாக்டெப்_வார்ன்’ என்ற மேக்ரோவுக்குள் வைத்துக் கேட்பது வழக்கம்.

வாயைக் கட்டும் வேலை

நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டு, ‘இன்றைக்குத் திருடன் வரவில்லை’ என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. கர்னலில் அதற்கும் வசதி இருக்கிறது.

லாக்டெப் ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, வகை வகையாகப் பார்க்கும். அப்பா சாதனத்தின் பூட்டு, அதற்குள் பிள்ளை சாதனத்தின் பூட்டு என்று ஒரே வகையில் இரண்டை எடுத்தால் ‘அதே பூட்டை மறுபடி எடுக்கிறாயே’ என்று கத்தும். நியாயமான இடங்களில் ‘இது உள்ளடுக்கு’ என்று எண் கொடுத்துச் சொல்லலாம். மொத்தம் 8 அடுக்கு வரை அனுமதி. ஆனால் சாதனங்களின் பூட்டு விஷயத்தில் எத்தனை அடுக்கு வரும் என்றே சொல்ல முடியாது. அதனால் ‘இந்த ஒரு வகையை மட்டும் சோதிக்காதே’ என்று விலக்கு கொடுத்தார்கள்.

விலக்கு ஒன்று இருந்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள் இல்லையா? தன் டிரைவரில் வரும் எச்சரிக்கையை நிறுத்த அதே விலக்கை எடுத்துப் போட்டுக்கொள்வது சுலபமான வழி. அதைத் தடுக்க, பேட்ச் அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்கும் ‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்டில் ஒரு விதி இருக்கிறது. இந்த விலக்கு சாதனப் பூட்டுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது, வேறு எங்கு வந்தாலும் எரர். அதே ஸ்கிரிப்ட், டிரைவருக்குள் ‘இன்_அடாமிக்’ என்று கேட்டாலும் எரர் கொடுக்கும். ‘இப்போது தூங்கலாமா, கூடாதா?’ என்று தெரிந்துகொள்ளத்தான் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். சில வகைக் கர்னல்களில் ஸ்பின் லாக் பிடித்திருப்பதே அதற்குத் தெரியாது.

அடுக்கு எண் கொடுக்கும் வசதியை மட்டும் எந்த ஸ்கிரிப்டாலும் காவல் காக்க முடியாது. நிஜமான டெட்லாக்கையும் ‘இது உள்ளடுக்குதான்’ என்று பொய் சொல்லி மறைத்துவிடலாம். அங்கே பேட்ச்சைப் படிக்கும் மனிதர் ‘ஏன்?’ என்று கேட்பதுதான் ஒரே வழி.

இன்னொன்று, டெஸ்ட் செய்கிறவர்களே அடிக்கடி மறப்பது. டெட்லாக் வாய்ப்பு மாதிரியான ஒரு பிரச்சினையை லாக்டெப் கண்டுபிடித்தால், அறிக்கை கொடுத்துவிட்டு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அதன் பிறகு எல்லா லாக்டெப் அசெர்ட்டுகளும் மௌனம். காலையில் வேறு ஏதோ டிரைவரில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், மதியம் உங்கள் கோடை 3 மணி நேரம் ஓட்டி ‘ஒரு எச்சரிக்கையும் இல்லை’ என்று சந்தோஷப்படுவீர்கள். லாக்டெப்பின் புள்ளிவிவர ஃபைலில் ‘டீபக்_லாக்ஸ்’ என்ற வரி 1 என்று இருக்கிறதா, 0 ஆகிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கவிழ்க்கலாமா, கத்தினால் போதுமா?

செக் தோற்றால் என்ன செய்வது என்பதிலும் கர்னலுக்கு ஒரு தெளிவான நிலைப்பாடு இருக்கிறது. ‘பக்_ஆன்’ போட்டு சிஸ்டத்தையே நிறுத்தாதே, ‘வார்ன்_ஆன்_ஒன்ஸ்’ போட்டு ஒருமுறை எச்சரித்துவிட்டுச் சமாளி என்பதே இன்றைய வழிகாட்டுதல். பூட்டைப் பிடித்தபடியே சிஸ்டம் விழுந்தால், என்ன நடந்தது என்ற பதிவுகூட டிஸ்க்கில் ஏறாமல் போகலாம். அதே நேரம், எச்சரிக்கை வந்தாலே நிறுத்திவிடும்படி செட் செய்து ஓடும் சிஸ்டங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு பொய் எச்சரிக்கைகூட முழு ரீபூட்தான்.

மற்ற இடங்களில்?

ஃப்ரீபிஎஸ்டி கர்னலில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. அங்கே ‘எம்டிஎக்ஸ்_ஓன்டு’ என்று கேட்டால், இப்போதைய திரெட் பிடித்திருக்கிறதா என்றே பதில் வரும். பிடித்திருக்கணும், பிடித்திருக்கக் கூடாது என்று இரு பக்கமும் அசெர்ட் செய்யலாம். லாக்டெப் போலவே வரிசையைக் கவனிக்க ‘விட்னஸ்’ இருக்கிறது. ஆனாலும் படிக்கும் பிடி என்று வந்தால், விட்னஸ் இல்லாமல் ‘யாரோ பிடித்திருக்கிறார்கள்’ என்பதற்கு மேல் அங்கும் சொல்ல முடியாது.

லினக்ஸிலேயே 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இருந்து ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைத்தது. அதில் தகவலே பூட்டுக்குள்தான் இருக்கும். பூட்டைப் பிடித்தால் ஒரு டோக்கன் கிடைக்கும், அதைக் காட்டினால்தான் உள்ளே இருப்பது கைக்கு வரும். படிக்கும் டோக்கனை வைத்து எழுதப் பார்த்தால் கம்பைலரே விடாது. ஆனால் கர்னலில் பெரும்பகுதி இன்னும் சி மொழியில்தான் இருக்கிறது. அந்தக் கோடுக்கு இந்த மேக்ரோக்கள்தான் காவல். லாக்டெப்பை ஆன் செய்த கர்னலை இரவு பகலாக ஏதேதோ கட்டளை கொடுத்து வதைத்துப் பார்க்கும் கூகுளின் ‘சிஸ்பாட்’ போன்ற ரோபோக்களும் துணைக்கு இருக்கின்றன.

உங்கள் சிஸ்டத்தில் ஸ்டாக்ராட் ஓட்டை அடைக்கப்பட்டதா?

லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் டெர்மினலில் ‘யூநேம் -ஆர்’ கட்டளை கொடுத்தால் கர்னல் எண் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் கர்னல் வெர்ஷன் இருக்கும். 6.1 வரிசையில் 6.1.37, 6.3 வரிசையில் 6.3.11, 6.4 வரிசையில் 6.4.1 ஆகியவற்றில் திருத்தம் வந்துவிட்டது. 6.1-க்கு முந்தைய பதிப்புகளில் மேப்பிள் ட்ரீயே கிடையாது, எனவே இந்த ஓட்டையும் கிடையாது. உபுண்டு, ரெட்ஹேட் போன்ற நிறுவனங்கள் எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் எடுத்துச் சேர்ப்பது வழக்கம். அதனால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், அவர்களின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தில் 2023-3269 என்று தேடிப் பாருங்கள்.